விரல் முளைத்த கோழி

"நம்ம வரிசையில ஒண்ணும் இல்லீங்க."

அத்தையை நினைத்தால் அவள் முகத்துக்கும் முன்னால் இந்த வாக்கியம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் அவள் வேலை பார்த்தாள். காலையில் சூப்பர்வைசர் ஷெட்டுக்குள் வந்ததும் ஒவ்வொரு கூண்டு வரிசைக்கு முன்னாலும் நின்று, "எத்தனை?" என்று கேட்பார். ராத்திரியில் எத்தனை கோழி செத்தது என்று பொருள். மற்றப் பெண்கள் செத்ததைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்கள். அத்தை காட்டியதில்லை. தலையில் கட்டிய துண்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணைத் தாழ்த்தாமல், ஒண்ணும் இல்லீங்க என்பாள்.

அவள் வரிசையிலும் கோழிகள் செத்தன. எல்லோருக்கும் முன்னால் ஷெட்டுக்குப் போய், விறைத்துக் கிடப்பதை எடுத்து, கூண்டுக்குக் கீழே குவிந்திருக்கும் எருவுக்குள் அமுக்கிவிடுவாள். சாவு கூடிய வரிசைக்காரியை எரு அள்ளும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். பயம் தீர்ந்து, சூப்பர்வைசரே அவளிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கிய பிறகும் அவள் நிறுத்தவில்லை.

மாமா விஷயமும் அப்படித்தான். அவர் லாரி ஓட்டினார். நாக்பூர்ப் பக்கம் வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அத்தை மட்டும், "லோடு ஏத்திக்கிட்டு வடக்க போயிருக்காருங்க" என்றே சொல்லிவந்தாள். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது போன லோடு அது. நான் கால்நடை மருத்துவம் முடித்தபோதும் அவர் வழியில்தான் இருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கு என்னைவிடப் பெருமை. கல்லூரியில் முதல் வருடம் ஒரு பாடத்தில் நான் தோற்றேன். வீட்டுக்குப் போன் செய்து அழுதேன். மறுநாள் அத்தை பண்ணையில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்து, எங்க புள்ள எல்லாத்துலயும் பாசு என்று சொல்லியிருந்தாள்.

"தோத்ததுக்கு யாராச்சும் ஜிலேபி குடுப்பாங்களா அத்தே?"

"தோத்தது தெரியறதுக்குள்ள குடுத்துப்போட்டேன் பாரு. இனி எவளாச்சும் வாயத் தொறப்பாளா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பாடத்தை மறுபடி எழுதித் தேறியபோது வீட்டில் யாரும் சந்தோஷப்பட முடியவில்லை. ஏற்கெனவே தேறிவிட்ட பாடம் அல்லவா.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அத்தைக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சினைப்பைகளை விட்டுவைத்திருந்தார்கள் என்பது நான் படித்த பிறகு எனக்கு விளங்கிய விவரம். தையல் காய்வதற்குள் வயிற்றைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். சூப்பர்வைசர் எங்கே போயிருந்தாய் என்று கேட்டிருக்கிறார்.

"ஒறம்பரைக்குப் போயிருந்தேனுங்க."

உறவுக்காரர் வீட்டுக்குப் போனதாக அவள் சொன்னதை, அதே பண்ணையில் முட்டை பொறுக்கிய என் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். "ஒறம்பரைக்குப் போனவ ஒரு பையத் தொலச்சுப்போட்டு வந்துட்டா" என்று பல வருடம் அம்மா அவளைக் கேலி செய்தாள். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் வீட்டுக்கு வெளியே யாருக்கும் அது தெரியக் கூடாது.

பட்ட மேற்படிப்பில் நான் எடுத்துக்கொண்ட ஆய்வு கோழியின் சினைப்பைப் புற்றுநோய் பற்றியது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். கோழிக்குக்கூடவா புற்று வரும் என்பார்கள். வரும். சினைப்பையில் தானாகவே இந்த நோய் அடிக்கடி வரும் உயிர்கள் அதிகம் இல்லை. பெண்ணுக்கு வருகிறது, முட்டைக்கோழிக்கு வருகிறது. முட்டை வெளிவரும் ஒவ்வொரு முறையும் சினைப்பையின் தோல் கிழிந்து ஆறுகிறது. பெண்ணுக்கு மாதம் ஒரு முறை. கோழிக்கு அநேகமாகத் தினமும். கிழிந்து ஆறி, கிழிந்து ஆறி, வயதான கோழிகள் சிலவற்றில் அந்த இடம் புற்றாகிவிடுகிறது. பெண்களிடம் இந்த நோய் வயிறு உப்பும்வரை வெளியே தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்திருக்கும். கோழியில் அதன் தொடக்கத்தைப் பிடித்துவிட்டால், பெண்ணிடமும் எங்கே தேட வேண்டும் என்று தெரியவரலாம். எங்கள் ஆய்வின் பாதி கோழிகளின் கட்டிகள். மறுபாதி சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பெண்களின் கட்டிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் கோழி ஷெட்டுகள் இருந்தாலும் ஒரு கிழட்டுக் கோழி கிடையாது. முட்டை குறைந்ததும் கழிவுக் கோழி என்று வண்டியில் ஏற்றிவிடுவார்கள். நோய் வரும் வயதுவரை எந்தக் கோழியும் உயிரோடு இருப்பதில்லை. என் பேராசிரியர் அத்தையின் பண்ணை முதலாளியிடம் பேசி, வண்டியில் ஏறவிருந்த கோழிகளில் ஒரு வரிசையை எங்களுக்காக நிறுத்திவைக்கச் சம்மதம் வாங்கினார். இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். பார்த்துக்கொள்ள யார் என்று கேட்டபோது, நான் அத்தையைச் சொன்னேன். எங்கள் வீட்டு ஆள் என்று சொல்ல அன்று எனக்கு எவ்வளவு பெருமை.

ஒவ்வொரு கோழிக்கும் காலில் எண் போட்ட பிளாஸ்டிக் வளையம் மாட்டினோம். மாட்டிய அன்று ஒரு கோழியைக் கூண்டிலிருந்து நான் இழுத்தபோது அதன் நடுவிரல் கம்பியில் சிக்கி முனை போய்விட்டது. அத்தை மஞ்சள் வைத்துக் கட்டினாள். நான் அவளை வரிசை முன்னால் நிறுத்தித் தெளிவாகச் சொன்னேன். எந்தக் கோழி தீவனம் எடுக்காமல் இருக்கிறதோ, எது வயிறு ஊதி, நெஞ்சை நிமிர்த்தி மனுசர் மாதிரி நிற்கிறதோ, உடனே எனக்குப் போன் செய்ய வேண்டும். நோய் வருவதற்காகத்தான் இவற்றை வளர்க்கிறோம்.

"சரி சாமி, பண்றேன்" என்றாள்.

போன் வரவே இல்லை. வாரா வாரம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போய், "எப்படி இருக்குதுங்கத்தே?" என்பேன். என்னைச் சாமி என்றும் கண்ணு என்றும் கூப்பிடுகிறவள், அந்த வரிசைக்கு முன்னால் மட்டும் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு சொல்வாள்.

"நம்ம வரிசையில ஒண்ணும் இல்லீங்க."

அந்த 'ங்க'வை அன்று நான் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அவள் என்னை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாள் என்று புரியாமல் போயிற்று. சூப்பர்வைசர் நின்ற இடம் அது.

மாதங்கள் போயின. கோழிகள் பளபளவென்று இருந்தன. கொண்டை சிவந்து, கண் தெளிந்து, சில தினமும் முட்டைகூட இட்டன. பேராசிரியர் முதலில் பாராட்டினார். பிறகு பேச்சைக் குறைத்தார். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"ஏம்மா, உங்க கோழியெல்லாம் சாகா வரம் வாங்கிட்டு வந்ததா?"

மறுநாளே பண்ணைக்குப் போனேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். விரல் முனை போன கோழியின் எண் எனக்கு மனப்பாடம். அந்த வளையம் போட்ட கோழி சாதுவாக என் கையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு காலிலும் எல்லா விரலும் இருந்தன. நகங்களோடு.

"ஏனுங்கத்தே, இந்தக் கோழிக்கு விரல் எப்படிங்க முளைச்சுது?"

அத்தை தீவனத் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அது வயிறு ஊதிப்போயி நின்னுச்சு சாமி. பாக்கவே சகிக்கல. நீ வந்து பாத்தா மனசு ஒடஞ்சு போயிருவீன்னு மாத்திப்போட்டேன்."

"அதை என்ன பண்ணுனீங்க?"

"கழிவு வண்டி வந்துச்சு. ஏத்திவிட்டுட்டேன்."

"இன்னும் எதையெல்லாம் மாத்துனீங்க?"

"எண்ணிக்கிட்டா மாத்துவாங்க? மொகம் வாடுச்சுன்னா மாத்திப்போடுவேன். பக்கத்து ஷெட்டுல நல்லதா ஒண்ணைப் பாத்துப் புடிச்சு வளையத்த மாட்டிருவேன். ஒடையாமக் கழட்டறது கொஞ்சம் கஷ்டம்தான். சுடுதண்ணியில நனைச்சா வந்துரும்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. நான் கத்தினேன். கோழிகள் மிரண்டு கூண்டில் மோதின.

"நோவு வர்றதுக்குத்தான் வளர்க்கறோம்னு சொன்னேனுங்களா இல்லையா?"

"சொன்ன."

"அப்பறம்?"

"நோவு வரட்டும்னு ஒருத்தி கோழி வளப்பாளா அம்மிணி? படிச்ச புள்ள, என்னமோ வெளிய அப்படிச் சொல்லோணும்போல, சொல்லுதுன்னு நெனச்சேன். நீ வர்ற அன்னிக்கு வரிசை நல்லா இருக்கோணும். உன்ற வாத்தியாரு உன்னையப் பாத்து ஒரு சொல் சொல்லிறக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

எனக்காக வந்த ஒவ்வொரு நோயையும் அவள்தான் முதலில் பார்த்தாள். யாரைவிடவும் சீக்கிரமாகப் பார்த்தாள். பார்த்து வண்டியில் ஏற்றினாள். எங்கள் ஆய்வு எங்கோ ஒரு கடையில் கறியாகிப் போனது.

பேராசிரியர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். நம் பகுதிக் கோழிகளில் இந்த நோய் அரிதாகவே காணப்படுகிறது என்று எழுதிவிட்டால் பட்டம் வந்துவிடும். அதுவும் ஒரு முடிவுதான் என்றார். அத்தையும் அவரும் ஒரே பண்ணையில் வேலை பார்த்திருக்க வேண்டியவர்கள் என்று தோன்றியது. நான் முடியாது என்றேன். பொய் எழுதுவதற்காக எங்கள் குடும்பத்தில் ஒருத்தி முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றிருக்க வேண்டியதில்லை. என் தலைப்பு கைவிடப்பட்டது; பெண்களின் கட்டிகளைச் சேகரிப்பது மட்டும் பேராசிரியரிடம் தொடர்ந்தது. உதவித்தொகை நின்றது. நாய்களின் மார்பகக் கட்டி பற்றிய வேறொரு வேலையை முதல் வரியிலிருந்து தொடங்கினேன். நாய்க்குக் கட்டி வந்தால் வளர்ப்பவர்கள் அதை மறைக்காமல் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள்.

அத்தையோடு பேசுவதை விட்டேன். அப்பாவுக்கு இது புரியவே இல்லை. "கோழிக்காகவா பெத்தவளாட்டப் பாத்துக்கிட்டவகிட்டப் பேசாம இருக்கற?" என்று கேட்டார். கோழிக்காக இல்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போனபோது அத்தையைக் கோயில் வாசலில் பார்த்தேன். தீச்சட்டி ஏந்திப் பூவோடு எடுக்கிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தாள். கை கால் குச்சியாக இருந்தது. வயிறு மட்டும் முன்னுக்கு வந்து, அந்தப் பாரத்தைத் தாங்க நெஞ்சை நிமிர்த்தி, முதுகைப் பின்னால் சாய்த்து நின்றாள். அந்த நிற்பைப் புத்தகத்தில் பார்த்திருந்தேன். ஷெட்டில் பார்க்க அவள் என்னை விடவில்லை.

கோபத்தையெல்லாம் மறந்து பக்கத்தில் போனேன்.

"அத்தே, வயிறு என்னங்க இப்படி?"

"வாயு. குச்சிக்கெழங்கு தின்னேன்."

"எப்ப இருந்துங்க?"

"இப்பத்தான். நேத்து."

சேலைக்கு உள்ளே வயிற்றைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள். தொட்டதும் தெரிந்தது. கையைத் தட்டிவிட்டு, "ஆளுக பாக்கறாங்க" என்றாள்.

அந்த வாரமே பண்ணை ஆட்களுக்கு மருத்துவ முகாம் ஒன்று நடக்க இருந்தது. வண்டியிலேயே ஸ்கேன் எடுப்பார்கள். போகாவிட்டால் ஜென்மத்துக்கும் பேச மாட்டேன் என்று சொல்லி, அவள் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினேன். முகாம் நடந்த அன்று சாயங்காலம் அவளே போன் செய்தாள். குரல் உற்சாகமாக இருந்தது.

"பாத்துட்டாங்க சாமி. எல்லாம் நல்லா இருக்குதாம்."

"டாக்டர் என்ன சொன்னாருங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"கல்லீரலு நல்லா இருக்குதாம். கிட்னி நல்லா இருக்குதாம். கர்ப்பப்பை நல்லா இருக்குதாம், கட்டி கிட்டி ஒண்ணுமே இல்லையாம். போதுமா? இனியாச்சும் பேசு."

எனக்குப் பத்து வயதாக இருந்தபோதே எடுத்துவிட்ட கர்ப்பப்பை அது.

"அத்தே, உங்களுக்குப் பதிலா யாரைப் படுக்க வெச்சீங்க?"

அத்தை போனை வைத்துவிட்டாள்.

படுத்தது கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து வந்து பண்ணையில் தங்கி வேலை செய்த ஒரு அக்கா. மறுநாள் நான் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் என்ன பண்ணட்டும் பாப்பா. எம் பேரச் சொல்லி நீ போய்ப் படுத்துக்கன்னாங்க. எதனா இருக்குன்னு தெரிஞ்சா பொண்ணு படிப்ப வுட்டுட்டு வந்து பக்கத்துல குந்திக்கும்னாங்க. ஏற்கெனவே ஒரு தடவ என்னால கெட்டுது, இன்னொரு தடவ ஆவக் கூடாதுன்னாங்க. நானும் நல்லதுக்குத்தான் சொல்றாங்கன்னு போய்ப் படுத்துட்டேன்."

சேலத்துக்குக் கூட்டிப்போனேன். பேராசிரியருக்குப் பெண்களின் கட்டிகளை அனுப்பிவந்த அதே ஆஸ்பத்திரி. எனக்குத் தெரிந்த டாக்டரம்மா அங்கேதான் இருந்தார். அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நேத்துல இருந்துதானுங்க" என்றாள் அத்தை. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

முடிவு வந்ததும், யார் சொல்வது என்று வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சொல்லாமலே இருந்துவிடலாம் என்றார் அப்பா. நான் உள்ளே போய்ச் சொன்னேன். சினைப்பையில் புற்று, பரவிவிட்டது, அறுத்தாலும் முழுதாகப் போகாது. எங்கள் குடும்பத்தில் ஒருத்தியாவது உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று அன்று எனக்கு வைராக்கியம். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். படுத்தபடியே, "பண்ணையில ஒறம்பரைக்குப் போயிருக்கறான்னு சொல்லு" என்றாள்.

அதன் பிறகு ஒரே ஒரு தடவை கேலியாகப் பேசினாள். "கோழிய மாத்துனேன்னு அந்தக் குதி குதிச்சயே. இப்ப என்னைய மாத்திப்போடறதுக்கு ஒருத்தியப் பாரு பாக்கலாம்." நான் சிரிக்கவில்லை. அவளும் அதிக நேரம் சிரிக்கவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எடுக்கிற கட்டியில் ஒரு சின்னத் துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள விரும்புவதாகவும், இஷ்டம் இருந்தால் மட்டும் சம்மதிக்கலாம் என்றும் பொறுமையாக விளக்கினார். "உங்க பொண்ணு முன்னால செஞ்ச ஆராய்ச்சிதாம்மா" என்றார்.

அத்தைக்கு முகம் மலர்ந்தது. ரொம்ப நாளாக என்னிடம் பட்ட ஒரு கடனை அடைக்க வழி கிடைத்த மாதிரி எழுந்து உட்கார்ந்தாள்.

"தாராளமா எடுங்க டாக்டரம்மா. ஆனா ஒண்ணுங்க. நல்லா இருக்கற எடமாப் பாத்து எடுத்துக் குடுங்க. கெட்டதக் குடுத்து எங்க புள்ள பேரு கெட்டுறக் கூடாது."

அடுத்த தைப் பொங்கலுக்கு அவள் இல்லை.

எங்கள் ஆய்வகத்தின் உறைபெட்டியில் இரண்டு தட்டுகள் இன்னும் இருக்கின்றன. ஒன்று பெண்களுக்கு, ஒன்று கோழிகளுக்கு. பெண்கள் தட்டில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். அந்த எண்களில் எது அத்தை என்று எனக்குத் தெரியும். டாக்டர் அவள் கேட்டுக்கொண்டதைக் கேட்கவில்லை. கெட்ட இடமாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவள் வாழ்நாளில் மாற்றிவைக்காமல் வெளியே அனுப்பிய ஒரே பொருள் அது.

கோழிகள் தட்டு காலியாக இருக்கிறது. அத்தையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோழியைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.